விண்ணிலிருந்து விழுந்த வெந்த கற்கள்

வானத்திலிருந்து கல் விழுமா? நம் ஆறாம் ஆண்டு மாணவனைக் கேட்டால், "விழும் சார், அதுக்குப் பேரு விண்கல்" என்று சட்டென்று சொல்லிவிடுவான். ஆனால் 250 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞர்களிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். பட்டிக்காட்டான் பேச்சு என்று தள்ளியிருப்பார்கள். அவர்கள் தள்ளிய கதையையும், பிறகு வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்ட கதையையும், ஒப்புக்கொண்ட பின் அந்தக் கற்களை உடைத்து ஆராய்ந்ததில் வெளிப்பட்ட பெரிய சங்கதியையும் இம்மலரின் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

பிரான்சு நாட்டில் லூசே என்று ஓர் ஊர். 1768ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் வயலில் வேலை செய்துகொண்டிருந்த குடியானவர்கள் இடி போன்ற முழக்கத்தைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். கல்லொன்று வந்து தரையில் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் தொட முடியாத சூடு என்றார்கள். அந்தக் கல் பாரிசு அறிவியல் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆராய்ந்தவர்கள் மூவர். அவர்களில் ஒருவர் அப்போது இளைஞராக இருந்த லவாய்சியர். ஆம், பின்னாளில் வேதியியலின் தந்தை என்று உலகமே போற்றிய அதே லவாய்சியர்தான். கல்லை உருக்கி, எரித்து, எடை போட்டுப் பார்த்தார்கள். 100 பங்கில் 55.5 பங்கு கண்ணாடி போல் உருகும் மண், 36 பங்கு இரும்பு, 8.5 பங்கு கந்தகம் என்று கணக்கு வந்தது. முடிவு என்ன தெரியுமா? இது பூமியிலேயே கிடந்த சாதாரணக் கல், இதன்மேல் இடி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று எழுதிவிட்டார்கள்!

கல்லைத் துருவித் துருவிப் பார்த்தவர்கள், அது விழுந்ததைக் கண்ணால் கண்டவர்களின் பேச்சை மட்டும் தராசில் வைக்கவில்லை. சொன்னவன் மண்வெட்டி பிடிப்பவன். அவனுக்கு என்ன தெரியும்? தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பூட்டன்மார்கள் இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் அறிஞர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. கோள்களுக்கு இடையே உள்ளது வெறும் வெளி, அங்கே கல்லும் மண்ணும் மிதக்க இடமில்லை என்பதுதான் அக்காலப் படிப்பு. இரத்த மழை பெய்தது போன்ற பழங்கதைகளையெல்லாம் மூட்டை கட்டி ஒதுக்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மூட்டையில் இந்தக் கல்லும் சேர்ந்துவிட்டது.

லூசேக்கு 19 ஆண்டுகள் முந்தியே, 1749இல், வெகு தூரத்தில் சைபீரியாவில் வேறொரு காரியம் நடந்திருந்தது. கிராஸ்நோயார்ஸ்க் நகருக்குத் தெற்கே யாக்கோவ் மெத்வெதேவ் என்ற கொல்லர் ஒரு மலைமேல் பெரிய இரும்புப் பாறையைக் கண்டார். இரும்போடு அவருக்குப் பழக்கம் உண்டல்லவா? இது மற்ற இரும்பு போல் இல்லையே என்று அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளை பாய்ந்த இரும்பு. அதன் ஓட்டைகளிலெல்லாம் மஞ்சள் மணிகள். ஏறக்குறைய 700 கிலோ எடையுள்ள அதைச் சுமார் 30 கிலோமீட்டர் தூரம் தம் ஊருக்கு எப்படியோ கொண்டுவந்து சேர்த்தார். மனிதருக்கு என்ன வைராக்கியம் பாருங்கள்! அவ்வட்டாரத்துத் தாத்தாரிய மக்களோ, அது வானத்திலிருந்து விழுந்த புனிதப் பொருள் என்று சொல்லி வந்தார்கள். 1772இல் ரஷ்ய அறிவியல் கழகத்துக்காகப் பயணம் செய்துகொண்டிருந்த ஜெர்மானியர் பீட்டர் சைமன் பல்லாஸ் அதைப் பார்த்து வியந்து, தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு அனுப்பி வைத்தார்.

கொல்லர் கண்டெடுத்ததையும் குடியானவர்கள் சொன்னதையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தவர் கிளாட்னி. இவர் ஜெர்மானியர், ஒலியியல் அறிஞர். தகட்டின்மேல் மணலைத் தூவி, வயலின் வில்லால் விளிம்பை இழுத்துக் கோலம் வரவழைத்துக் காட்டியவர். அதைவிட நமக்கு முக்கியம், அவர் சட்டம் படித்தவர் என்பது. நூலகத்தில் உட்கார்ந்து, வானத்தில் நெருப்புக்கோளம் பாய்ந்ததையும் கல் விழுந்ததையும் பற்றிய பழைய குறிப்புகளைத் திரட்டினார். வெவ்வேறு நாட்டவர், வெவ்வேறு நூற்றாண்டினர், ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள், ஆனால் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரி சொல்கிறார்கள். இத்தனை பேரும் கூடிப் பேசிவைத்துப் பொய் சொல்ல முடியுமா? முடியாது. ஆகவே கற்கள் மெய்யாகவே விண்வெளியிலிருந்து வருகின்றன. பல்லாசின் இரும்பும் அப்படி வந்ததே என்று 1794இல் ஒரு சிறு நூல் எழுதினார். பலர் அவரை ஏளனம் செய்தார்கள்.

ஆனால் வானம் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் இத்தாலியில் சியெனா நகருக்கு அருகே கற்கள் விழுந்தன. 1795 டிசம்பர் 13இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில், ஜான் ஷிப்லி என்ற உழவருக்குச் சற்றுத் தள்ளி 25 கிலோ எடையுள்ள கல் ஒன்று தரையைப் பிளந்துகொண்டு இறங்கியது. நிலத்துக்காரர் டோப்பம் நல்ல மனிதர். சாட்சிகளிடம் சத்திய வாக்குமூலம் வாங்கி வைத்தார். 1798 டிசம்பர் 19ஆம் நாள் இரவு, இந்தியாவில் காசிக்கு அருகே கிராக்கூட் என்ற கிராமத்தில் கல்மழையே பெய்தது. அக்கற்களில் சில இலண்டனுக்குப் போயின.

இப்போதுதான் வேதியியல் உள்ளே வருகிறது. எட்வர்ட் ஹவார்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாரிடம் நான்கு இடத்துக் கற்கள் வந்து சேர்ந்தன: காசி, யார்க்ஷயர், சியெனா, பொகீமியா நாட்டின் தாபோர். (இந்த ஹவார்டுதான் பின்னாளில் சர்க்கரை ஆலைகளில் பாகைக் குறைந்த சூட்டில் காய்ச்சும் முறையைக் கண்டவர். வெடிமருந்து முதல் சர்க்கரை வரை எதையும் விட்டுவைக்காத மனிதர்!) பிரான்சிலிருந்து அடைக்கலம் வந்திருந்த பூர்னோன் பிரபு அவருக்குத் துணை. பூர்னோன் பொறுமையாகக் கற்களைப் பொடித்து, உள்ளே இருந்தவற்றை நான்காகப் பிரித்தார்: உருண்டையான சிறு மணிகள், உலோகத் துகள்கள், கந்தகம் கலந்த இரும்பு, இவற்றையெல்லாம் பிடித்து வைத்திருக்கும் மண் போன்ற பொடி. முழுக் கல்லையும் ஒன்றாக அரைத்த லவாய்சியருக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அரிசி, பருப்பு, நெய் எல்லாம் வெந்து கலந்த பொங்கலை எடை போடுவது வேறு; வேகுமுன் தனித்தனியே எடுத்துப் பார்ப்பது வேறு.

பிரித்தெடுத்த உலோகத் துகளில் ஹவார்ட் கண்டது நிக்கல். நான்கு கல்லிலும் நிக்கல்! பூமியின் மேலோட்டுப் பாறைகளைச் சராசரி பார்த்தால், 10,000 பங்கில் 1 பங்குகூட நிக்கல் தேறாது. நம் கொல்லன் பட்டறை இரும்பிலும் அது அப்படிக் கலந்திருப்பதில்லை. இங்கிலாந்தில் விழுந்த கல்லிலும் காசியில் விழுந்த கல்லிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால் இரண்டுக்கும் ஊர் ஒன்றுதான். பல்லாசின் சைபீரிய இரும்பிலும் அதே நிக்கல் இருந்தது. 1802இல் ஹவார்ட் இதை வெளியிட்டதும் சிரித்தவர்களின் வாய் மெல்ல அடைத்தது. மறு ஆண்டு, 1803 ஏப்ரல் 26இல், பிரான்சின் லேக்ல் நகரைச் சுற்றி ஏறத்தாழ 3,000 கற்கள் கொட்டின. அரசாங்கம் பியோ என்ற இளம் விஞ்ஞானியை அனுப்பியது. அவர் ஊர் ஊராகப் போய், குடியானவர் முதல் பாதிரியார் வரை எல்லாரையும் விசாரித்து எழுதிய அறிக்கையோடு வழக்கு முடிந்தது. குடியானவன் சொன்னது மெய்!

வழக்கு முடிந்தாலும் கல் முடியவில்லை. பெரும்பாலான விண்கற்களில் பூர்னோன் கண்ட அந்தச் சிறு உருண்டைகள் உண்டு. கடுகு, கேழ்வரகு அளவில் இருக்கும். 1863இல் பெர்லின் நகரில் குஸ்தாவ் ரோஸ் என்பவர் விண்கற்களை வகைப்படுத்தியபோது, மணி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இவற்றுக்குக் காண்ட்ரைட் என்று பெயரிட்டார். ஹவார்டின் நினைவாக ஹவார்டைட் என்று ஒரு வகை. பல்லாசின் நினைவாகப் பல்லசைட் என்று ஒரு வகை. 30 கிலோமீட்டர் இழுத்து வந்த கொல்லர் மெத்வெதேவ் பெயரில் ஒரு வகையும் இல்லை. எனக்கு இது கொஞ்சம் மனக்குறைதான்.

காண்ட்ரைட் கல்லில் என்னதான் இருக்கிறது? அடிக்கடி விழும் சாதாரணக் காண்ட்ரைட்டில் 100 பங்கு எடைக்கு ஆக்சிஜன் 35 முதல் 40 பங்கு, இரும்பு 19 முதல் 28, சிலிக்கன் 17 முதல் 19, மக்னீசியம் 14 அல்லது 15. இந்த நான்கே 90 பங்குக்கு மேல் போய்விடும். மீதியில் கந்தகம் சுமார் 2, நிக்கல் 1 முதல் 2, கால்சியமும் அலுமினியமும் ஆளுக்கு 1 சொச்சம். இந்தக் கணக்கில் ஒரு விந்தை உண்டு. சூரியனின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அதில் என்னென்ன தனிமங்கள் என்ன விகிதத்தில் உள்ளன என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அதிலிருந்து ஐதரசன், ஹீலியம் போன்ற வாயுக்களைக் கழித்துவிட்டால் மிஞ்சும் விகிதம் காண்ட்ரைட்டின் விகிதத்தோடு ஒத்துப்போகிறது. 1864இல் பிரான்சில் விழுந்த ஒர்கேய் கல் போன்ற அரிய வகையில் இந்த ஒற்றுமை மிக நெருக்கம். அதாவது சூரியக் குடும்பம் சமைந்தபோது பாத்திரத்தில் இருந்த மாவு அப்படியே ஆறிக் கல்லாகிக் கிடக்கிறது! வயது சுமார் 456 கோடி ஆண்டு.

நம் மூதாதையர் மண்ணிலும் அப்படிப்பட்ட கல் விழுந்திருக்கிறது. 1857 பிப்ரவரி 28இல் மதுரை வட்டாரத்தில், ஆங்கிலேயர் பார்னல்லி என்று எழுதி வைத்த ஊரில் இரண்டு கற்கள் விழுந்தன. அது காண்ட்ரைட் வகை. அதன் சீவலை உருப்பெருக்கியில் வைத்தால் உருண்டைகள் கடலை உருண்டையில் கடலை தெரிவது போல் தனித்தனியாகத் தெரியும். அந்த உருண்டைகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் உருகிய துளியாக இருந்தவை என்று 1870களில் சோர்பி என்ற ஆங்கிலேயர் கண்டு சொன்னார். துளிகள் தனித்தனியே உருகி உறைந்தன. ஆனால் அவை ஒட்டிக் கல்லான பிறகு, அந்தக் கல் மறுபடி உருகவே இல்லை. உருகியிருந்தால் உருண்டை ஏது?

இனித்தான் கட்டுரைத் தலைப்பில் உள்ள வெந்த கற்களுக்கு வருகிறோம். 1808 மே 22, ஞாயிற்றுக்கிழமை காலை. மொராவியா நாட்டின் ஸ்டானெர்ன் ஊரில் கற்கள் விழுந்தன. பார்த்த சாட்சிகள் ஏராளம். ஆனால் ஆராய்ந்தவர்களுக்கு ஒரே குழப்பம். நிக்கல் உலோகம் எங்கே? உருண்டைகள் எங்கே? ஹவார்ட் கொடுத்த சாவி இந்தப் பூட்டுக்குச் சேரவில்லை. 1821 ஜூன் 15இல் பிரான்சின் ஜூவினாஸ் ஊரில் விழுந்த 91 கிலோ கல்லும் இதே ரகம். முன்னே நாம் கண்ட குஸ்தாவ் ரோஸ், இளைஞராக இருந்தபோதே, 1825இல், ஜூவினாஸ் கல்லில் பைராக்சீன், பெல்ஸ்பார் என்ற இரண்டு கனிமங்கள் இருப்பதைக் கண்டார். இந்த இரண்டும் சேர்ந்து இருப்பது எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் கல்லில். நம் நாட்டில்கூடக் குவாந்தான் பக்கத்திலும் சிகாமட் பக்கத்திலும் பசால்ட் உண்டு.

அப்படியானால் விண்வெளியில் எரிமலையா? ஆமாம் என்பதுதான் பதில். இவ்வகைக் கல்லை யூக்ரைட் என்பார்கள். இதைக் காண்ட்ரைட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அலுமினியமும் கால்சியமும் பல மடங்கு ஏறியிருக்கின்றன. மக்னீசியம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நிக்கல் ஏறக்குறைய காணாமலே போய்விட்டது. பூமியின் பசால்ட்டைவிடச் சோடியமும் மிகக் குறைவு. இந்த ஏற்ற இறக்கம் எப்படி வந்தது? கல் உருகும்போது எல்லாம் ஒரே நேரத்தில் உருகுவதில்லை. சூட்டுக்கு முதலில் இளகுவது அலுமினியமும் கால்சியமும் மிகுந்த குழம்பு. அது இலேசானதால் மேலே ஏறிப் பசால்ட்டாக உறைகிறது. மக்னீசியம் மிகுந்த ஒலிவின் கனிமம் எளிதில் உருகாமல் கீழேயே தங்குகிறது. இரும்போ கனம் மிகுந்தது. நிக்கல் எப்போதும் இரும்போடு உறவாடும் குணமுடையது. இரும்பு அடிக்குப் போனபோது நிக்கலையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அந்தக் காலத்தில் ஆற்றில் டூலாங் தட்டை ஆட்டி ஈய மண் அலசிய பெண்களைப் பார்த்த பெரியவர்களுக்கு இது உடனே விளங்கும். இலேசான மணல் தண்ணீரோடு மேலே போகும். கனத்த ஈய மண் அடியில் தங்கும்.

ஆக, ஸ்டானெர்ன் கல்லில் நிக்கல் இல்லாமற்போனதே அதன் வரலாற்றுக்குச் சாட்சி. ஒரு சிறு உலகம் அடியோடு உருகி, இரும்பை வயிற்றுக்குள் இறக்கிவிட்டு, மேலே எரிமலைக் குழம்பைப் பூசிக்கொண்டது என்பதை அந்த வெறுமை சொல்கிறது.

நூறு, இருநூறு கிலோமீட்டர் அகலமுள்ள பொடியன் உலகத்துக்கு உருகுமளவு சூடு எங்கிருந்து வந்தது? பூமி போன்ற பெரிய உருண்டை சூட்டைப் பிடித்து வைக்கும். சின்னக் கிண்ணத்துக் கஞ்சி சீக்கிரம் ஆறிவிடுமே? 1955இல் அமெரிக்க வேதியியலார் ஹெரால்டு யூரி, அலுமினியம் 26 என்ற கதிரியக்க அலுமினியமே அடுப்பாக இருந்திருக்கலாம் என்றார். அது சுமார் 7 இலட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பாதி பாதியாகச் சிதைந்து மக்னீசியம் 26 ஆக மாறும். மாறும்போது சூடு வெளிப்படும். இன்று அதில் ஒரு துளிகூட மிஞ்சாதே, எப்படி நிரூபிப்பது? 1969 பிப்ரவரி 8இல் மெக்சிகோவின் அயெந்தே ஊரில் டன் கணக்கில் காண்ட்ரைட் விழுந்தது. அதில் இருந்த வெள்ளைக் கட்டிகளை 1976இல் கலிபோர்னியாவில் ஆராய்ந்தபோது, அலுமினியம் எங்கே அதிகமோ அங்கே மக்னீசியம் 26உம் அதிகம் என்று கண்டார்கள். அடுப்பு அணைந்துவிட்டது; சாம்பல் கிடைத்துவிட்டது! முதலில் உருவான சிற்றுலகங்களுக்கு அடுப்பு நிறைய விறகு, அவை உருகின. சில மில்லியன் ஆண்டு தாமதித்து உருவானவற்றுக்கு விறகு தீர்ந்து போயிருந்தது. பார்னல்லி கல்லின் உருண்டைகள் கரையாமல் தப்பியது அப்படித்தான்.

இப்போது மெத்வெதேவின் பாறையைத் திரும்பப் பார்த்தால் அதுவும் பேசத் தொடங்கும். அது பாதி கல், பாதி இரும்பு. மஞ்சள் மணிகள் என்று அவர் கண்டது ஒலிவின். நல்ல தெளிவான ஒலிவினைத்தான் நகைக்கடையில் பெரிடாட் என்று விற்கிறார்கள். மெல்லிய சீவலாக அறுத்து வெயிலில் பிடித்தால் இரும்பு வலைக்குள் தேன் நிறத்தில் ஒளி கசியும். அடியில் தங்கிய ஒலிவினும் அதற்கும் அடியில் இறங்கிய இரும்பும் சந்திக்கும் எல்லையில் இது பிறந்தது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆனால் ஒலிவின் தண்ணீரைப்போல் 3.3 மடங்கு கனம். இரும்போ ஏறக்குறைய 8 மடங்கு. எண்ணெயும் தண்ணீரும் போல் பிரிய வேண்டியவை எப்படிக் கலந்து நின்றன? வேறொரு சிற்றுலகம் மோதியதில் உருகிய இரும்பு ஒலிவின் அடுக்குக்குள் பீறிட்டுப் புகுந்தது என்ற கருத்துக்கு இப்போது ஆதரவு கூடியிருக்கிறது. உறைய எடுத்த காலத்தையும் இரும்பே சொல்லும். மெருகேற்றி அமிலம் தடவினால் மெங்குவாங் பாய் முடைந்தது போல் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் தெரியும். நேப்பிள்சில் இருந்த தாம்சன் என்பவர் 1804இல் வெளியிட்டதும், 1808இல் வியன்னாவில் விட்மான்ஸ்டேட்டன் கண்டதும் இதைத்தான். பத்து இலட்சம் ஆண்டுக்குச் சில பாகை என்ற அளவில் ஆமை வேகத்தில் ஆறினால்தான் அப்படிப்பட்ட பட்டை விழும்.

கல்லும் இரும்பும் கலந்த இன்னொரு வகை மீசோசிடரைட். 1879 மே 10இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எஸ்தர்வில் ஊரில் விழுந்தது இவ்வகை. இதில் மேலோட்டுப் பசால்ட் துண்டுகளும் இரும்பும் கலந்திருக்கின்றன. ஆனால் நடு அடுக்கில் இருக்க வேண்டிய ஒலிவின் மிகக் கொஞ்சம். மேலே உள்ளதும் அடியில் உள்ளதும் சேர்ந்துவிட, நடுவில் இருந்தது எங்கே போயிற்று? இன்றுவரை அறிஞர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்கள்.

யூக்ரைட்டுக்கு மட்டும் தாய்வீடு தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் வெஸ்டா என்ற சிறுகோளை ஓல்பர்ஸ் என்ற மருத்துவர் 1807இல் கண்டார். அகலம் சுமார் 525 கிலோமீட்டர். 1970இல் மக்கார்டும் அவருடைய தோழர்களும் வெஸ்டாவிலிருந்து வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, அது யூக்ரைட் கல்லின் ஒளியோடு அச்சு மாறாமல் பொருந்தியது. 2011 ஜூலை முதல் 2012 செப்டம்பர் வரை டான் என்ற விண்கலம் வெஸ்டாவைச் சுற்றி வந்து படம் எடுத்தது. அதன் தென்துருவத்தில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு மாபெரும் குழி இருக்கிறது. ஏதோ ஒன்று மோதியதில் பெயர்ந்து சிதறிய துண்டுகள் இன்னும் சிறு சிறு கோள்களாக வெஸ்டாவின் பாதையில் கூடவே சுற்றுகின்றன. ஸ்டானெர்னில் ஞாயிற்றுக்கிழமை காலையில் விழுந்ததும், ஜூவினாசில் விழுந்த 91 கிலோ கல்லும் அந்தக் கூட்டத்திலிருந்து வழிதவறி வந்தவை என்றே கருதப்படுகிறது. மெத்வெதேவின் இரும்பு இப்போது மாஸ்கோவில் இருக்கிறது. அதன் தாய்வீட்டை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.